பன்னிரண்டாயிரம் வீட்டு மருமகள்

"நீ என்னைக் கேட்டிருக்கலாம், கோதை."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்."

பூங்கோதையும் அவள் கணவன் சேந்தனும் கடைசியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. அக்கா வீட்டில் பல் தேய்க்கும்போதும், தெருவில் தானே நகரும் ஓடுபடியில் நின்றபடி வேலைக்குப் போகும்போதும் அந்த மூன்று வரிகள் அவளுக்குள் தாமாகவே ஓடும். ஒவ்வொரு தடவையும் தன்னுடைய வரியை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். "தப்புதாங்க" என்று போடுவாள். "இனிமே கேக்கறேன்" என்று போடுவாள். எதைப் போட்டாலும் அவனுடைய கடைசி வரி நகராமல் அப்படியே நிற்கும்.

நொய்யல் நகரில் யாரும் யாரையும் அதிகம் கேட்பதில்லை. அந்த ஊரில் எந்த வாசலிலும் அழைப்புமணி கிடையாது. கதவைத் தட்டும் பழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு மனைக்கணி இருந்தது. விளக்கு, தண்ணீர், அடுப்பு, குளிர்காற்று எல்லாம் அதன் பொறுப்பு. அந்த வீட்டுக்கு யார் யார் உறவு என்பதும் அதற்குத் தெரியும். உறவானவர்களின் மணிக்கட்டில், தோலுக்கு அடியில், அரிசி மணி அளவில் ஓர் உறவுத்திறவி பதிந்திருக்கும். வாசலுக்கு வந்தால் கதவு தானே திறக்கும். வருகிறவர் மாடிப்படி ஏறும்போதே அவருக்குப் பிடித்த சூட்டில் வெந்நீர் காயும். அதுமட்டுமல்ல, உறவானவர் எங்கே இருந்து விசாரித்தாலும் வீடு பதில் சொல்லும். அப்பா மாத்திரை போட்டுக்கொண்டாரா, மகள் பள்ளியிலிருந்து வந்தாளா, மாமியார் கோபத்தில் பட்டினி கிடக்கிறாரா, எல்லாம் சொல்லும். "எங்கே இருக்கே, சாப்பிட்டியா" என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஊரார் அதைப் பெரிய நிம்மதி என்றுதான் நினைத்தார்கள். பூங்கோதையும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் வேலையே திறவிகளோடுதான். வீடுகளைப் பராமரிக்கும் நிலையத்தில் அவள் திறவிக் காப்பாளர். நிலையத்தின் மூன்றாம் தளத்தில் ஏவலி என்று ஒரு பொறி உண்டு. அதனிடம் ஒரு கட்டளையைக் கொடுத்தால் நகரத்தின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கும் அதுவே போய், ஒவ்வொரு மனைக்கணியிடமும் நிலையத்துக்கென்று இருக்கும் பணித்திறவியைக் காட்டி உள்ளே நுழைந்து, சொன்ன வேலையைச் செய்துவிட்டு வரும். ஏதாவது ஒரு வீடு திறவியை ஏற்காவிட்டால் அங்கே என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது பூங்கோதையின் வேலை. திறவி காலாவதியாகியிருக்கும். பெயரில் எங்கேயோ பிழை இருக்கும். பல நேரங்களில் திறவி சரியாகவே இருக்கும், ஆனால் பிறர் கை படக்கூடிய இடத்தில் அதை வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடந்த திறவியை மனைக்கணி தொடவே தொடாது. பக்கத்து இருக்கை மன்சூர் அரை நாள் தேடியும் கிடைக்காத கோளாறை அவள் ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவள் குடும்பத்தைக் கெடுத்தது.

சேந்தன் குடிநீர்க் கழகத்தில் குழாய்வழி வரைபடம் போடுகிறவன். அமைதியானவன், கூச்சக்காரன். தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவான், மாலையில் வருவான். ஒரு நாள் ஏதோ வேலையாக வெளியே இருந்த பூங்கோதை, இரவு உணவுக்கு என்ன வைப்பது என்று வீட்டிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "அவர் எப்ப வருவாரு" என்று சும்மா கேட்டுவைத்தாள். அவர் காலையிலேயே திரும்பி வந்துவிட்டார், உள்ளறையில் படுத்திருக்கிறார் என்றது வீடு. நேற்றைக்கு? நேற்றும் அப்படித்தான். போன வாரம்? அப்போதும் அப்படியே. கழகத்துக்கும் ஓர் ஏவலி வாங்கிவிட்டார்கள் என்பதும், வரைபடம் போடுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதும் கழகத்தில் ஒரே ஒரு விசாரிப்பில் தெரிந்துபோயிற்று.

அதை அவள் அவனிடம் கேட்டிருக்கலாம். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அக்கா கணவரும் தங்கை குடும்பமும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அக்கா கணவர் பேச்சுவாக்கில், "கழகத்துல வேலையெல்லாம் எப்படிப் போகுது சகலை" என்றார். சேந்தன் தலையைக் குனிந்துகொண்டு, கிழக்கு அடுக்குகளுக்குப் புதுக் குழாய் போடுகிறோம் என்று தொடங்கினான். பூங்கோதை சிரித்துவிட்டாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைக்க வேண்டாம் என்று அவனுக்குக் காட்டும் ஆசை. "எந்தக் கழகம்? மனுஷர் காலையில போன சூட்டோட வந்து படுத்துக்கறார், வீடே சொல்லுது" என்றாள். தங்கை கணவன் கையில் இருந்த வடை அப்படியே நின்றது. அக்கா எழுந்து போய் ரசம் கொண்டுவந்தாள். யாருக்கும் ரசம் தேவைப்படவில்லை.

எல்லோரும் போன பிறகு, தட்டுகளைக் கழுவியபடி அவர்கள் பேசியதுதான் அந்த மூன்று வரிகள்.

அவள் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் நாள் அவள் காதில் மாட்டியிருந்த செவிமணியில் அவன் குரல் கேட்டது. மனைக்கணியை உருவாக்கியவர்கள் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார்கள். உறவைச் சேர்ப்பது எளிது. நீக்குவதை எந்தப் பொறியும் செய்ய முடியாது. வீட்டில் இருக்கிற ஒருவர் வாய் திறந்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். நீக்கப்படுகிறவரின் காதில் அது அப்படியே விழும். சத்தமில்லாமல் யாரும் யாரையும் அறுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. சேந்தன் நிதானமாகத்தான் சொன்னான்: "கேக்காமயே எல்லாம் தெரிஞ்சுக்கறா. எனக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. அதனால வேண்டாம்."

திரும்பிச் சேர வேண்டுமானால் வழி இருந்தது. நீக்கப்பட்டவர் நேரில் வந்து தன் வாயால் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சரி என்றால் திறவி மறுபடியும் உயிர்பெறும். அவ்வளவு சுலபம். வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர பூங்கோதைக்கு வேறு நினைப்பு இல்லை. அதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆனால் தன் வாழ்நாளில் எந்தக் கதவுக்கு முன்பும் நின்று எதையும் கேட்டுப் பழகாதவள். அன்றைக்கு விருந்தில் அவன் முகம் போன போக்கு நினைவுக்கு வந்தால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது என்று கால் எழாது.

ஆகவே கேட்காமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழியில் போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தளம் காலியானதும், பணித்திறவியைக் காட்டி அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள். இருக்கிறாரா? இருக்கிறார். சாப்பிட்டாரா? சாப்பிட்டார். உடனே வெளியே வந்துவிடுவாள். அது தவறு என்று அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. இப்படிச் செய்தவர்களை வேலையை விட்டு அனுப்பும் குழுவில் அவளே ஒரு முறை உட்கார்ந்திருக்கிறாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் வீடு பதில் சொல்லவில்லை. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று மட்டும் வந்தது. மறுநாளும் அதேதான். யார் மறுத்தது என்று அந்தச் செய்தி சொல்வதில்லை. பூங்கோதை திறவியின் காலத்தைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், திறவி இருந்த பெட்டியைப் பார்த்தாள். எல்லாம் சரி. அப்படியானால் ஒன்றுதான் மிச்சம். அவள் எட்டிப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பணித்திறவிக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிட்டான். அவமானத்தில் காது மடல் சுட்டது. ஆனாலும் அவளால் விட முடியவில்லை.

தை மாதம் எல்லா வீடுகளுக்கும் பழைய பணித்திறவியை எடுத்துவிட்டுப் புதிய திறவியைப் போடும் வேலை வந்தது. அதற்கு ஏவலிக்குத் தலைமைத்திறவி கொடுப்பார்கள். எந்தக் கதவும் அதை மறுக்காது. பெரிய ஓட்டத்துக்கு முன்னால், ஒரே ஒரு வீட்டை மட்டும் வரம்பாகக் கொடுத்து ஒரு சோதனை ஓட்டம் விடுவது வழக்கம். பூங்கோதைக்குப் புத்தி கெட்டது அங்கேதான். சோதனை வரம்பில் சேந்தன் வீட்டைப் போட்டாள். புதிய பணித்திறவி இருக்க வேண்டிய இடத்தில் தன் மணிக்கட்டில் இருந்த உறவுத்திறவியின் அடையாளத்தைப் போட்டாள். அது போய் உட்கார்ந்துகொண்டால் ஒரு நாள் சாயங்காலம் சும்மா அந்தப் பக்கம் போவதுபோலப் போகலாம். கதவு தானாகத் திறக்கும். உள்ளே போய்க் காப்பி வைத்தால் பேச்சு தானே தொடங்கிவிடும் என்று ஒரு கணக்கு.

மூன்றாம் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு சின்ன ஓட்டமானாலும், பொத்தானைத் தொடுவதற்கு முன் வரம்பைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவர் தன் திரையில் பார்த்து "ஆம்" என்ற பிறகுதான் தொடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது. பூங்கோதை அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனால் அன்றைக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டியது தன் புருஷன் வீட்டை. மன்சூரை அனுப்பி இரண்டு தேநீர் வாங்கி வரச் சொன்னாள். அவன் கதவைத் தாண்டியதும் தொட்டாள்.

சுவர்த்திரையில் ஒரு பச்சை வரி வர வேண்டும். 'முடிந்தது' என்று அது வந்தது. அதன் கீழே இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் பச்சை மழையாகக் கொட்டிற்று. அவள் நிறுத்துபொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்து, அடியில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது. சேந்தன் வீடு.

இரண்டு தேநீரோடு வந்த மன்சூர் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். தேநீரை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, என்ன பண்ணிட்டீங்க" என்றான் மெல்ல.

அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஓர் உறவு கூடினால் அதற்கேற்ப நடந்துகொள்வது மனைக்கணிகளின் இயல்பு. பன்னிரண்டாயிரம் வீடுகளிலும் ஓர் ஆழாக்கு அரிசி கூடுதலாக வெந்தது. இருட்டியதும் ஒவ்வொரு வீடும் தன் குடும்பத்தாரிடம், "பூங்கோதை இன்னும் வீடு திரும்பவில்லை, கதவைச் சாத்தலாமா, காத்திருக்கலாமா" என்று விசாரித்தது. யாரந்தப் பூங்கோதை என்று மனைவிமார்கள் கணவன்மார்களைப் பார்த்தார்கள். ஒரு தெருவில் அதனால் கைகலப்பே ஆகியிருக்கிறது. மறுநாள் அவள் ஓடுபடியில் வேலைக்குப் போனபோது, வழியில் இருந்த வாசல்கள் எல்லாம் அவளைக் கண்டதும் வரிசையாகத் திறந்துகொண்டன. அரைகுறை உடையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அலறி உள்ளே ஓடினார்கள். அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கதவுகளுக்கு முகம் தேவைப்படவில்லை. திறந்துகொண்டே இருந்தன.

"வாங்க, ஊர் மருமகளே" என்றான் மன்சூர். சிரிக்கவைக்கப் பார்த்தான். அவளுக்கு அழுகை வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

நிலையத்தின் மேலாளர் ரெஜினா, வயதானவர், குரலை உயர்த்தாதவர். ஒரு வீட்டை வரம்பாகக் கொடுத்தால் எப்படி எல்லா வீட்டுக்கும் போயிற்று என்று அவரே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பூங்கோதையைக் கூப்பிட்டார். ஏவலிக்குத் தெரியாத ஒரு வீட்டை வரம்பாகக் கொடுத்தால் அந்த வரம்பை அது வெற்றாக எடுத்துக்கொள்ளும். வெற்று வரம்பு என்றால் எல்லா வீடும் என்று பொருள். பழைய குறை அது. பக்கத்தில் ஒருவர் பார்த்து "ஆம்" சொல்லும் வழக்கமே அதற்காக வந்ததுதான். மன்சூர் இருந்திருந்தால் அவன் திரையில் வரம்பு காலியாக இருப்பதைப் பார்த்திருப்பான்.

"ஏன் படிச்சுக் காட்டலை?" என்று கேட்டார் ரெஜினா.

பூங்கோதை தரையைப் பார்த்தபடி சொன்னாள். "என் வீட்டுக்காரர் வீடு மேடம். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மதிய நேரங்களில் எட்டிப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். ரெஜினா பேனாவை மூடிவைத்தார். வேலையைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம், முதலில் இதைச் சரி செய்ய வேண்டும் என்றார். எப்படிச் சரி செய்வது என்பதில்தான் சிக்கல் இருந்தது. உறவைப் பொறி நீக்க முடியாது. பன்னிரண்டாயிரம் குடும்பங்களும் தனித்தனியாக வாய் திறந்து, இவள் எங்கள் உறவில்லை என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். அவள் காதில் அது விழ வேண்டும். செவிமணியைக் கழற்றி வைத்தால் நீக்கம் செல்லாது.

அந்த வாரம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போது, குளிக்கும்போது, கண்ணை மூடும்போது, ஊர் அவளை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. "யாருன்னே தெரியாது, எடுத்திருங்க." "எங்க வீட்ல இருக்கற ஒரு மருமகளையே சமாளிக்க முடியலை." "பாவம் அந்தப் பிள்ளை, ஆனா வேண்டாம்." ஒரு பெரியவர் மூச்சு வாங்கியபடி, தன் மகன் வெளிநாடு போனதிலிருந்து வீடு யாருக்காகவும் கதவைத் திறந்துவைத்ததில்லை, இரண்டு நாள் அவளுக்காகத் திறந்துவைத்தது நன்றாக இருந்தது என்று சொல்லி, அதற்கு மேல் தொடராமல் விட்டுவிட்டார். சிலருக்கு நல்ல வார்த்தை தவிர வேறு சொல்ல நா எழவில்லை. "போயிட்டு வா கண்ணு" என்று வழியனுப்பினார்கள். வா என்று சொன்னதால் அந்த வீடுகள் நீக்க மறுத்து, மறுநாளும் அவளுக்குச் சோறு வடித்தன.

முதல் இரண்டு நாள் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள்தான் வேறொன்று உறைத்தது. முன்பின் தெரியாத இவ்வளவு பேரும் தங்கள் மனதில் இருப்பதை அவளிடம் நேராகச் சொல்கிறார்கள். சேந்தனும் அப்படித்தான் நேராகச் சொன்னான். அவனுக்கு அவள் இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

அந்தச் சிவப்பு வரியை மன்சூர்தான் ஆராய்ந்தான். மற்ற வீடுகளுக்கெல்லாம் புதிய பணித்திறவி முறைப்படி போய்விட்டது; பழையது வார இறுதியில் செத்துவிடும். அதற்குள் புதியது போகாவிட்டால் அந்த வீடு அநாதையாகிவிடும். தண்ணீர் வராது, கதவு அசையாது. நிலையத்திலிருந்து யாரும் உதவவும் முடியாது. சாயங்காலம் அவன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, அவர் ஒண்ணும் பூட்டலை."

"பின்னே?"

"ஐப்பசியில இடி விழுந்து அவர் வீட்டு மனைக்கணி எரிஞ்சிருக்கு. புதுசு வாங்கி மாட்டியிருக்கார். புதுக் கணின்னா முத்திரையும் புதுசு இல்லையா? நம்ம ஏவலிதான், இது எனக்குத் தெரிஞ்ச வீடில்லைன்னு உள்ள போக மாட்டேங்குது. தெரிஞ்ச வீடுகள் வரிசையில இருந்தே எடுத்திருச்சு. மறுத்தது அவரில்லைக்கா, நாமதான்."

ஒவ்வொரு மனைக்கணிக்கும் தனக்கென ஒரு முத்திரை உண்டு. இது நாம் அறிந்த வீடுதானா என்று ஏவலி அதை வைத்துத்தான் உறுதி செய்துகொள்ளும். இணைப்பு மறுக்கப்பட்டால் முதலில் முத்திரையைப் பார் என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். திறவியைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அதை மட்டும் பார்க்கவில்லை. தன்னை ஒதுக்கியிருப்பான் என்று அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. அப்படி ஒதுக்கப்பட வேண்டியவள்தான் என்றும் ஒரு நிச்சயம்.

முத்திரை மாறிய வீட்டை மறுபடி சேர்க்க வேண்டுமானால் ஓர் ஆள் நேரில் போய், வீட்டுக்காரர் படிக்கக் கேட்டு, சரிபார்க்க வேண்டும். நான் போகிறேன் அக்கா என்றான் மன்சூர். ரெஜினா வேண்டாம் என்றுவிட்டார். "மத்த கதவெல்லாம் அவளுக்காகத் தானா திறந்துச்சு. இது ஒண்ணையாவது அவ நின்னு திறக்கட்டும்."

அடுத்த நாள் காலை பத்து மணி வாக்கில் அவள் கிளம்பினாள். சேந்தன் இருந்தது ஏழாம் அடுக்கில், நீளமான தாழ்வாரத்தின் கடைசி வீடு. அந்த அடுக்கில் பாதிப் பேர் இன்னும் அவளை நீக்கவில்லை. அவள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "நீதானா அது? உனக்குன்னு சுட்ட தோசையெல்லாம் நாலு நாளா நான்தான் திங்கறேன்" என்றாள். எதிர்வீட்டுக்காரர் சவரச் சோப்போடு வெளியே வந்து நின்றார். இது கடைசி வீட்டுக்காரர் சம்சாரம்தானே என்று யாரோ யாரிடமோ கேட்டார்கள். பதில் அவள் காதில் விழவில்லை. சிரிப்பு மட்டும் விழுந்தது. ஒருவரும் உள்ளே போகிறதாகத் தெரியவில்லை.

கடைசிக் கதவு திறக்கவில்லை.

மணி இல்லை. கையை உயர்த்தினாள். ஒரு கதவை எவ்வளவு பலமாகத் தட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல் முட்டியால் தொட்டதும் தட்டியதாகவே கேட்கவில்லை. "ஏங்க" என்றாள். அதுவும் எழும்பவில்லை. பின்னால் தோசைக்கார அம்மாள், "சத்தமாக் கூப்பிடு கண்ணு, உள்ளதான் இருக்கார்" என்று எடுத்துக்கொடுத்தாள். பூங்கோதைக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது. அன்றைக்கு விருந்தில் அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியதும் கால் நின்றது.

"ஏங்க, நான் கோதை வந்திருக்கேன்."

சேந்தன் கதவைக் கையால் இழுத்துத் திறந்தான். இளைத்திருந்தான். கையில் வரைகோல் இருந்தது. அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.

அவள் வந்த வேலையைச் சொன்னாள். முத்திரை, திறவி, வார இறுதி என்று வேலைப் பேச்சாகவே சொன்னாள். அவன் தலையசைத்துவிட்டு உள்ளே போய், மனைக்கணியின் மூடியைத் திறந்து, உள்ளே எழுதியிருந்ததை வாசலுக்குக் கேட்கும்படி படித்தான். முத்திரை என்பது வெறும் சொற்களின் வரிசைதான். அவள் கைத்திரையில் தெரிந்த சொல்லும் அவன் படிக்கிற சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"நுங்கு" என்றான்.

"ஆம்."

"படிக்கட்டு."

"ஆம்."

"மிளகு... வெளிச்சம்... கப்பல்."

"ஆம். ஆம். ஆம்."

அவன் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. சளியா, பேச ஆளில்லாமல் அப்படியா என்று தெரியவில்லை. சாப்பிட்டார் என்று வீடு அவளுக்குத் தினமும் சொல்லியிருக்கிறது. என்ன சாப்பிட்டார், உட்கார்ந்து சாப்பிட்டாரா, அடுப்படியில் நின்றபடியே தின்றாரா என்று வீடு சொன்னதில்லை. கடைசிச் சொல் வரைக்கும் ஆம் சொல்லிவிட்டு அவள் கைத்திரையை அழுத்தினாள். புதிய பணித்திறவி உள்ளே போயிற்று. வேலை முடிந்தது.

சேந்தன் மறுபடி வாசலுக்கு வந்தான். நிலைப்படிக்கு உள்ளே அவன், வெளியே அவள்.

"ஊரெல்லாம் உன் பேரைத்தான் சொல்லிச்சு" என்றான். "பக்கத்து வீடு கேட்டுச்சு, எதிர்வீடு கேட்டுச்சு, கோதை வரலையா கோதை வரலையான்னு. இந்த வீடு மட்டும் கேக்கலை. எல்லா வீட்டுக்கும் போட்டவ இந்த வீட்டை மட்டும் வேணாம்னு ஒதுக்கிட்டாளேன்னு நினைச்சேன்."

தன்னைப் போலவே இத்தனை நாளாக இவனும் ஒதுக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இந்த ஒரு வீட்டுக்குத்தாங்க போட்டேன். மத்ததெல்லாம் தவறிப் போயிருச்சு."

"எங்கிட்டக் கேக்காமயா?"

"ஆமா." அவள் கைத்திரையைத் தாழ்த்தினாள். "அதுக்கு முன்னால தினமும் மத்தியானம் பணித்திறவியைப் போட்டு உங்களை எட்டிப் பார்த்தேன். இடி விழற வரைக்கும். அதையும் கேக்காமத்தான் செஞ்சேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னதும் அப்படித்தான். கேக்கறதுக்குப் பயமுங்க. கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லிருவீங்களோன்னு."

தாழ்வாரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. சோப்புக்காரர் முகத்தைத் துடைக்க மறந்து நின்றார். சேந்தன் கையிலிருந்த வரைகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"இப்பவும் இல்லைன்னு சொல்லலாம்" என்றான்.

"சொல்லலாங்க."

"அப்படின்னா?"

காதில் யாரோ ஒரு குடும்பத்தலைவி அவளை நீக்கிக்கொண்டிருந்தாள், காரணம் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டு. பூங்கோதை அது முடிகிற வரை காத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, அத்தனை பேர் பார்க்க, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நான் வீட்டுக்குத் திரும்பி வரட்டுமாங்க?"